பாக்ஸ்என் வேகனில் எந்த அழுக்கு, எங்கே, எவ்வளவு

புத்தூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். எச்ஓ அளவில், அதாவது 1:87-ல், முப்பரிமாண அச்சில் ரெசினால் எடுத்த எட்டு பாக்ஸ்என் திறந்த வேகன்கள் உங்களிடம் இருக்கின்றன. காவிப் பழுப்பு அடித்துவிட்டு, அமெரிக்க வீடியோக்களில் செய்வதுபோல அக்ரிலிக் கறுப்பு வாஷை (நீர்க்கக் கரைத்த வண்ணத்தை) மொத்தமாகப் பூசினீர்கள். இரண்டு வேகன்கள் தீயில் கருகியதுபோல ஆகிவிட்டன. ரேணிகுண்டா யார்டில் நிற்கும் கூட்ஸ் மாதிரி வர எந்த வண்ணத்தை எந்த விகிதத்தில் கலக்க வேண்டும், ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா, கெட்டுப்போன இரண்டையும் மீட்க முடியுமா? விகிதம் கீழே சொல்கிறேன். ஆனால் விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஆறையும் தொட்டால் அவையும் கருகும். ஒரு வேகன்மேல் எந்தக் கறை எதனால் வந்தது, ஏன் அந்த இடத்தில் மட்டும் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் கலவைக்கு வேலை. அதனால் பதிலின் முன்பாதி வேகனைப் படிப்பது பற்றி. பின்பாதி பூசுவது பற்றி.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். இது ஆடம்பரம்போலத் தெரியும், ஆனால் உங்கள் பாதையில் இது நிறத்தையே மாற்றுகிறது. பெல்லாரி - ஹொஸ்பேட் பக்கத்து இரும்புத்தாது குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகத்தான் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அந்தத் துறைமுகத்தில் இரும்புத்தாதுவும் நிலக்கரியும் கையாள்வது நின்றுபோனது. நீங்கள் 2008-ஐ எடுத்துக்கொண்டால் ரேணிகுண்டா - அரக்கோணம் பாதையில் தாதுத் தூள் அப்பிய செந்நிற ரேக் (ஒன்றாக ஓடும் வேகன் தொடர்) பொருந்தும். 2015 என்றால் அதே ரேக் கேள்விக்குள்ளாகும். அந்தத் துறைமுகத்தைச் சாராத நிலக்கரி ஏற்றிய பாக்ஸ்என், எர்ரகுண்ட்லா, தாடிபத்ரி பக்கத்து சிமென்ட் ஏற்றிய பிசிஎன் மூடு வேகன் என்று போவது பாதுகாப்பானது. பழைய கடப்பா மாவட்டத்து மங்கம்பேட்டை பேரைட்ஸ் தாதுவைக் காட்ட நினைத்தால் அதன் தூள் சாம்பல் வெள்ளை, சிவப்பு வராது. எவர்சில்வர் வகை எஃகில் செய்த பாக்ஸ்என்எச்எல் வேகன்களை 2008 ரேக்கில் கலக்காதீர்கள். அவை பெருகியது அதற்குப் பிறகு. உங்கள் எட்டும் பழைய பாக்ஸ்என் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

வேகனைப் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடியதும் ஊகிக்க மட்டுமே முடிவதும் வேறு வேறு. எழுத்து உறுதி. பக்கவாட்டில் இருக்கும் 11 இலக்க எண்ணில் முதல் இரண்டு வேகன் வகை (10 முதல் 29 வரை திறந்த வேகன்கள், 30 முதல் 39 வரை மூடு வேகன்கள், 40 முதல் 54 வரை டேங்கர்கள்), அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே (06 தெற்கு, 09 தென்மத்திய), அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு, அதன்பின் நான்கு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். டீக்கல் (மாடலில் ஒட்டும் எழுத்துப் படலம்) அச்சடிக்கும்போது பலர் இந்தக் கடைசி இலக்கத்தை வாய்க்கு வந்தபடி போட்டுவிடுகிறார்கள். கணக்கு எளிது: இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள், ஒற்றைப்படை இடங்களின் கூட்டலைச் சேருங்கள், அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். 10 06 95 2341 என்று வைத்தால் இரட்டை இடங்கள் 0, 6, 5, 3, 1. கூட்டினால் 15, மூன்று மடங்கு 45. ஒற்றை இடங்கள் 1, 0, 9, 2, 4, கூட்டினால் 16. மொத்தம் 61, எழுபதுக்கு 9 குறைகிறது. ஆக 10 06 95 2341 9. இது 1995-ல் செய்த, தெற்கு ரயில்வேக்குச் சொந்தமான திறந்த வேகன்.

ஆனால் தெற்கு ரயில்வே வேகன் என்பதால் அது தெற்கிலேயே ஓடியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேகன்கள் நாடு முழுக்கப் பொதுவாகச் சுற்றுகின்றன. இன்று ரேணிகுண்டாவில் நிலக்கரியோடு நிற்கும் பாக்ஸ்என்னின் அடியில் இருக்கும் செந்தூள் போன நடையில் ஏற்றிய தாதுவாக இருக்கலாம். ஒடிசா மண்ணாகவும் இருக்கலாம். வெறும் பிரேக் தூளாகவும் இருக்கலாம். கறையை வைத்துச் சரக்கைச் சொல்வது ஊகம்தான். உள்ளே கண்ணால் பார்த்த சுமையோ, அதே ரேக்கில் பத்துப் பதினைந்து வேகன்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கறையோ இருந்தால் ஊகம் வலுக்கும். ஒரே ஒரு வேகனில் மட்டும் இருக்கும் விசித்திரமான கறையை மாடலில் ஏற்றாதீர்கள். அது நிஜமாகவே இருந்திருந்தாலும் பார்ப்பவருக்குக் கைதவறிய பெயிண்ட்டாகத்தான் படும்.

எழுத்திலிருந்து கிடைக்கும் இன்னொன்று இதைவிடப் பயனுள்ளது: பராமரிப்புத் தேதி. பாக்ஸ்என்னுக்குப் பொதுவாக முதல் பிஓஎச் (பணிமனையில் முழுப் பராமரிப்பு) 6 ஆண்டில், பிறகு நாலரை ஆண்டுக்கு ஒருமுறை. இடையில் 18 மாதத்துக்கு ஒரு ஆர்ஓஎச் (வழக்கமான சிறு பராமரிப்பு). பணிமனையின் குறியும் அடுத்து வரவேண்டிய தேதியும் பக்கவாட்டில் ஸ்டென்சிலாக இருக்கும். பிஓஎச் முடிந்து விஜயவாடா பக்கத்து குண்டுப்பள்ளி வேகன் பணிமனையிலிருந்து வெளிவந்த வேகன் முழுக்கப் புதுப் பெயிண்ட்டோடு இருக்கும். ஆர்ஓஎச் மட்டும் ஆனது அழுக்காகவே இருக்கும்; தேதி எழுதிய சதுரம் மட்டும் புதிதாகப் பளிச்சென்று தெரியும். அழுக்கு உடம்பில் அந்த ஒரு சுத்தமான கட்டம்தான் வேகனை நம்பவைக்கிறது. மாடலில் இதைச் செய்ய, மங்கலாக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகு அந்தக் கட்டத்தை மூல நிறத்தில் பூசி, அதன்மேல் தேதி டீக்கலை ஒட்டுங்கள். எல்லா டீக்கலையும் முதலிலேயே ஒட்டி ஒரே அளவுக்கு அழுக்காக்கினால் இந்த விஷயமே காணாமல் போகும்.

படம் எடுக்க ரேணிகுண்டா நடைமேடையும் நடைமேம்பாலமும் போதும். வழியில் சாலை மேம்பாலங்களும் இருக்கின்றன. தண்டவாளத்துக்குள் இறங்கவே வேண்டாம். ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவின் கீழ் அது அத்துமீறல். அது போக, யார்டில் நிற்கும் ரேக் சொல்லாமல் நகரும். மேலிருந்து ஒரு கோணம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் திறந்த வேகனின் உள்பக்கம் நடைமேடையிலிருந்து தெரியாது, மாடலிலோ பார்வையாளர் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறார். உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையிலோ மேகமூட்டத்திலோ எடுங்கள். கடும் வெயிலில் சட்டங்களின் நிழல் விழுந்து, நிழல் எது கரி எது என்று பிரிக்க முடியாது. ஒரே வேகனை நான்கு பக்கமும் எடுப்பதைவிட அடுத்தடுத்து எட்டு வேகன்களின் ஒரே பக்கத்தை எடுப்பது மேல். ரேக்கில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். நிறத்துக்குப் படத்தை நம்பாதீர்கள். போன் கேமரா காவி நிறத்தைத் தன்னிஷ்டப்படி செழுமையாக்கிவிடும். கறையின் வடிவத்துக்கும் இடத்துக்கும் படம் சாட்சி. நிறத்துக்கு உங்கள் கண் சாட்சி. சட்டகத்துக்குள் நடைமேடை சிமென்ட்டோ ஜல்லியோ விழும்படி எடுத்தால், பிறகு அந்தச் சாம்பலோடு ஒப்பிட்டு ஓரளவு திருத்திக்கொள்ளலாம்.

அடுத்து அளவு. பாக்ஸ்என் இணைப்பானோடு சேர்த்து 10,713 மி.மீ. நீளம், தண்டவாள மட்டத்திலிருந்து 3,225 மி.மீ. உயரம். உங்கள் மாடல் 123 மி.மீ., 37 மி.மீ. என்று வரவேண்டும், வராவிட்டால் அச்சுக் கோப்பு சற்றுப் பெரிய ஓஓ அளவுக்கு (1:76) செய்யப்பட்டதா என்று பாருங்கள். சக்கரம் புதிதாக 1,000 மி.மீ., தேய்ந்து கழிக்கும்போது 906 மி.மீ. கடையில் கிடைக்கும் அமெரிக்க 36 அங்குல எச்ஓ சக்கரம் 10.5 மி.மீ.; அது தேய்ந்த சக்கரத்துக்குச் சரியாக உட்காருகிறது, கவலை வேண்டாம். இந்த 87 என்ற எண்ணைப் பூசும்போதும் மறக்கக் கூடாது. மாடலில் 1 மி.மீ. அகலத்துக்கு வழியும் துருக்கோடு நிஜத்தில் ஏறக்குறைய 9 செ.மீ. அகலம். நிஜமான துரு வழிசல் பெரும்பாலும் இரண்டு விரல் அகலம்தான்; மாடலில் அது அரை மி.மீ.கூட வராது. கருகிப்போன வேகன்கள் பலவற்றில் உண்மையான கோளாறு இந்த அகலம்தான். நிறத்தின்மீது பழி போடுகிறோம். செம்மண்ணைத் துணியில் சலித்துப் போடலாமா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். 0.1 மி.மீ. மணல்துகள் 1:87-ல் 9 மி.மீ. கூழாங்கல். வேண்டாம்.

இனி பாக்ஸ்என்னைப் பாருங்கள். அரிப்பைத் தாங்கும் கலப்பு எஃகில் செய்தது என்பதால் பெயிண்ட் போன இடத்தில் ஆரஞ்சுத் துரு நெடுநாள் நிற்காது. சீக்கிரமே கருஞ்சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு என்று இறுகிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு புதுக் கீறலில் மட்டும் வரும். உள்பக்கம் வெளிப்பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத உலகம்: அங்கே பெயிண்ட் என்று எதுவும் பேருக்குக்கூட மிஞ்சியிருக்காது. சரக்கு உரசி, ஜேசிபி வாளி சுரண்டி, மழையில் ஊறிய நிலக்கரியின் கந்தகம் அரித்து, தரையும் சுவரும் வெற்று இரும்பாக இருக்கும். வாளி இடித்ததால் பக்கத் தகடுகள் சட்டங்களுக்கு நடுவே வெளியே புடைத்திருக்கும். அனல்மின் நிலையங்களில் வேகனையே கவிழ்க்கும் டிப்ளர் இயந்திரத்தின் பிடி மேல்விளிம்பைப் பிடிப்பதால் அங்கே நசுங்கலும் பெயிண்ட் உரிதலும் இருக்கும். கீழ்க் கதவுகளின் இடுக்கு வழியாகத் தூள் கசிந்து, கதவுக்குக் கீழே சட்டத்தில் படிந்திருக்கும். நிலக்கரி ரேக்கில் இன்னொரு அடையாளம் உண்டு, வெளிநாட்டு வீடியோ எதிலும் பார்க்க முடியாது: வழியில் திருடினால் தெரியவேண்டும் என்று ஏற்றிய கரியின்மேல் சுண்ணாம்பு நீர் தெளிப்பார்கள். அது மேல்விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமும் வெள்ளைச் சொட்டாக வழியும். சுமை இறங்கிய பிறகும் அந்தக் கோடு சில காலம் இருக்கும். பக்கங்களில் சாக்பீஸ் எழுத்து இருக்கும். அமெரிக்கப் பெட்டிகளில் காணும் ஸ்பிரே ஓவியங்களை இங்கே ஒட்டினால் பொருந்தாது. அவர்களுடைய மூடு வேகன்களின் துத்தநாகக் கூரையில் பெயிண்ட் தோல்தோலாக உரிந்து துருவேறும். அந்தக் காட்சியையும் நம் வேகனுக்குக் கொண்டுவராதீர்கள்.

முன்-பின் முகங்களை பலர் கவனிப்பதில்லை. மழையில் சக்கரம் வாரியடிக்கும் சேறு முகத்தகட்டில் சக்கரத்துக்கு நேராக இரண்டு செங்குத்துப் பட்டைகளாக ஏறும், கீழே அடர்த்தியாக, மேலே போகப்போக மறையும். அந்தச் சேறு ஜல்லித் தூளும் இரும்புத் தூளும் ஊர் மண்ணும் கலந்தது. சாம்பல் பழுப்பு நிறம். போகியில் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில்) பிரேக் கட்டைத் தூள் படிந்து ஒரே பழுப்பாக, வறண்டு இருக்கும். பாக்ஸ்என்னின் கேஸ்நப் போகியில் இருப்பது மூடிய ரோலர் பேரிங். அதனால் சக்கர முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வராது. எண்ணெய் ஊற்றும் அச்சுப்பெட்டி இருந்த பழைய நாலு சக்கர வேகன்களில்தான் சக்கர முகம் கறுத்துப் பளபளக்கும். வீடியோவில் பழைய காலத்து அமெரிக்கப் பெட்டிக்குச் செய்வதைப் பார்த்து இங்கேயும் கறுப்பெண்ணெய் பூசுகிறார்கள், அது தப்பு.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பிறகு செய்வதாக எழுதியிருப்பதால். சிமென்ட் ஏற்றும் பிசிஎன்னில் கதவைச் சுற்றியும் கூரையிலும் சாம்பல் தூள் படியும். மழையில் அது கரைந்து ஓடாமல் அங்கேயே இறுகிக் கோடாக நிற்கும். தானியம் ஏற்றுவதில் கதவுப் படியில் மூட்டை தூக்குவோரின் கால்தடம், பறவை எச்சம், இடுக்கில் முளைத்த நெல்கூட உண்டு. பெட்ரோலிய டேங்கரில் மேல் மூடியிலிருந்து இரண்டு பக்கமும் வழியும் கறை ஈரம்போல மின்ன வேண்டும். அந்தக் கோட்டுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ்.

பூசத் தொடங்கும் முன், உங்கள் வேகன்கள் கருகியதற்குப் பாதிக் காரணம் அச்சு வரிகள் என்று நினைக்கிறேன். படத்தில் கிடைக்கோடுகள் தெரிகின்றன. வாஷ் என்பது பள்ளத்தைத் தேடி ஓடும் நீர்; அச்சின் ஒவ்வொரு அடுக்கும் அதற்குப் பள்ளம். மீதி ஆறு வேகன்களிலும் ஃபில்லர் பிரைமர் (பள்ளம் நிரப்பும் அடிப்பூச்சு) அடித்து, 600, பிறகு 800 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, விரல்நகம் ஓட்டினால் தடங்கல் இல்லாத வரை திரும்பச் செய்யுங்கள். சட்டங்களுக்கு நடுவே போக, ஐஸ்கிரீம் குச்சியில் தாளை ஒட்டிக்கொள்ளலாம். அப்படியும் அகலமான தகடுகளில் வாஷ் வேண்டாம். எண்ணெய் வண்ணமும் வண்ணப் பொடியும் போதும். வரிசை இது: காவிப் பழுப்பு, பளபளப்பு வார்னிஷ், டீக்கல், மறுபடி மெல்லிய வார்னிஷ், பிறகு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். பளபளப்பின்மேல் ஒட்டாவிட்டால் டீக்கலுக்கு அடியில் காற்று நின்று வெள்ளி நிறம் அடிக்கும். மேட் இல்லாமல் பொடி போட்டால் பிடிக்காது.

மங்கலாக்குவது முதல் வேலை. காவியை வெளுக்கச் செய்ய வெள்ளை கலந்தால் ரோஸ் நிறம் வந்துவிடும். அதற்குப் பதில் யெல்லோ ஆக்கரும் வெளிர் சாம்பலும் சேருங்கள். கேம்லின் எண்ணெய் வண்ணக் குழாய்கள் ஆறு போதும்: பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், டைட்டானியம் வெள்ளை, கறுப்பு. அட்டைத் துண்டில் கொஞ்சம் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் ஆளிவிதை எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். இல்லாவிட்டால் நாள்கணக்கில் காயாது, மினுக்கும். ஒரு தகட்டுக்கு நாலைந்து குண்டூசித்தலை அளவுப் புள்ளிகள்: மேலே ஆக்கரும் துளி வெள்ளையும், நடுவே சியன்னா, கீழே ரா அம்பர். தட்டைப் பிரஷை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் நன்றாகத் துடைத்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற பதத்தில் மேலிருந்து கீழே மட்டும் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துடைக்க வேண்டும். பிரஷ் நனைந்திருந்தால் வண்ணம் ஓரத்துக்கு ஓடி வட்டக் கறை கட்டும். ஒயிட் ஸ்பிரிட் கிடைக்காவிட்டால் ஓவியர்களுக்கான டர்பென்டைன். அது எனாமலை இளக்கும், ஆகவே அடியில் அக்ரிலிக் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் பிசுக்கு விட்டுப்போகும், தொடாதீர்கள்.

நீங்கள் கேட்ட விகிதம் இங்கே வருகிறது. பொதுவான அழுக்குக்குத் தனிக் கறுப்பு எங்கும் இல்லை: ரா அம்பர் மூன்று பங்கு, பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு, அதில் குச்சி நுனியளவு கறுப்பு. நிலக்கரி ரேக் என்றால் மேல்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மட்டும் கறுப்பைக் கொஞ்சம் கூட்டலாம். தாது ரேக் என்றால் கறுப்பை விட்டுவிட்டு பர்ன்ட் சியன்னாவைக் கூட்டுங்கள். மூலையிலும் சட்டத்தின் அடியிலும் இந்தக் கலவையை 00 பிரஷால் தொட்டு, கீழே இழுத்து மறைத்துவிட வேண்டும். சுண்ணாம்புச் சொட்டு கடைசியாக: வெளிர் சாம்பல் கலந்த வெள்ளை, ஒரு பக்கத்துக்கு நான்கைந்து கோடுகளுக்கு மேல் வேண்டாம், ஒழுங்கான இடைவெளியில் வேண்டவே வேண்டாம்.

உரிந்த பெயிண்ட்டுக்குப் பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்து, பர்ன்ட் அம்பர் நிற அக்ரிலிக்கில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு மேல்விளிம்பிலும் சட்ட விளிம்புகளிலும் லேசாகத் தட்டுங்கள். ஹேர்ஸ்பிரே முறை உள்பக்கத்துக்கு அருமையாக வரும்: முதலில் துரு நிறம், காய்ந்ததும் ஹேர்ஸ்பிரே இரண்டு மெல்லிய பூச்சு, அதன்மேல் அக்ரிலிக் காவி. அரைமணி நேரத்துக்குள் தண்ணீரில் நனைத்த கட்டைப் பிரஷால் தேய்த்தால் மேல்பூச்சு துண்டுதுண்டாக வரும். மேலே எனாமல் அடித்தால் இது நடக்காது, ஒரு நாள் விட்டாலும் நடக்காது. இரும்புச் சுருளை ஊறவைத்து நிஜத் துருவையே பொடியாக்கிப் போடச் சொல்பவர்கள் உண்டு. அதில் துருவாகாத இரும்புத் துகள் மிஞ்சும். உதிர்ந்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் காவிப்பொடியும் உப்புத்தாளில் உரசிய சாஃப்ட் பாஸ்டலும் போதும். ஆயில் பாஸ்டல் வேண்டாம், அது பொடியாகாது.

போகிக்கும் அடிச்சட்டத்துக்கும் மெல்லிய வாஷ் நல்லதுதான், அங்கே பள்ளம் மேடு உண்மையானது. அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒன்றிரண்டு தேக்கரண்டி இந்தியன் இங்க் என்பது பழகிய அளவு. உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கலந்தாலே எட்டு வேகனுக்கும் மீறும். இந்த வாஷை லாக்கர் வகை மேட் வார்னிஷ்மேல் விட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். பயப்பட வேண்டாம், இன்னொரு முறை மேட் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். காய்ந்ததும் பழுப்புப் பொடியைத் துடைத்துப் பூசுங்கள். முகத்தகட்டின் இரண்டு சேற்றுப் பட்டைகளும் பொடியில்தான் நன்றாக வரும். சக்கரத்தின் ஓடுமுகத்தை மறைக்காமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். அது தண்டவாளத்தில் ஒட்டி எஞ்சின் தடுமாறும். அச்சுமுனை உட்காரும் குழியிலும் வண்ணம் போகக் கூடாது. இணைப்பானுக்குப் பொடி மட்டும். பெயிண்ட் பட்டால் நாக்கு திறக்காது. பொடியின்மேல் வார்னிஷ் அடித்தால் பாதிக்கு மேல் மறைந்துபோகும் என்பதால், கை படும் பக்கங்களில் தேவைக்கு இருமடங்கு போட்டு மெல்லிய மேட். கை படாத போகியில் அப்படியே விட்டுவிடலாம்.

சுமை வைப்பதானால் உயரத்தில் கவனம். பாக்ஸ்என்னின் கொள்ளளவு சுமார் 56 கன மீட்டர், சுமை சுமார் 58.8 டன். நிலக்கரி லேசானது, விளிம்புக்கு மேல் குவியும். இரும்புத்தாது கனமானது, பாதி உயரம்கூட வருவதில்லை, போகிகளுக்கு மேலே இரண்டு குவியலாகக் கிடக்கும். விளிம்புவரை தாது நிரப்பிய மாடல் பார்த்த உடனே பொய் என்று தெரியும். எடைக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ அமைப்பின் பரிந்துரை ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் வேகனுக்கு அது 97 கிராம் அளவில் வரும். காலி வேகனாகக் காட்டினால் இந்த எடையை அடிச்சட்டத்துக்குள்தான் ஒளிக்க வேண்டும்.

ஏர்பிரஷ் கட்டாயமில்லை. மங்கலாக்குவதும் வழிசலும் பிரஷிலேயே நன்றாக வரும்; ஏர்பிரஷால் மட்டும் எளிதாக ஆவது அடிப்பாகத்தில் படியும் மெல்லிய புழுதிப் படலம், அதைப் பொடியால் ஈடுகட்டலாம். வாங்குவதானால் 0.3 மி.மீ. முனை, 15 பிஎஸ்ஐ அழுத்தம், வண்ணம் ஒரு பங்குக்குக் கரைப்பான் ஒன்பது பங்கு. ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். ஸ்பிரே டப்பா மேட் வார்னிஷை ஐப்பசி கார்த்திகை மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் உள்ளே மாட்டி வெள்ளைப் படலம் கட்டும். எந்த வேலையையும் மாடல் ஓடப்போகும் விளக்கின் கீழேயே செய்யுங்கள். மேசையில் மஞ்சள் பல்பும் தளத்தில் வெள்ளை எல்இடியும் இருந்தால் காவி இரண்டு இடத்தில் இரண்டு நிறமாகத் தெரியும்.

எட்டு வேகன்களையும் ஒரே நாளில் ஒரே கலவையில் செய்ய வேண்டாம். நிஜத்தில் 58 வேகன் ரேக் எச்ஓவில் 7 மீட்டர் நீளம். எட்டை வைத்து அதன் சாயலைக் காட்ட வேண்டும். பிஓஎச் புதிதாக ஆனது ஒன்று, ஆர்ஓஎச் கட்டம் பளிச்சிடுவது இரண்டு, நடுத்தர அழுக்கு நான்கு, கதவு வளைந்து விளிம்பு நசுங்கிய கிழடு ஒன்று என்று பிரித்தால் கண்ணுக்கு ஒத்துவரும். எல்லாமே கிழடாகச் செய்யும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

கருகிய இரண்டில் ஒன்றையாவது மீட்கலாம். வாஷ் பூசி ஒரு வாரத்துக்குள் என்றால், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த காதுக்குச்சியால் தகடு தகடாக, மேலிருந்து கீழே துடைத்துப் பாருங்கள்; காவியும் சேர்ந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். ஓரளவு வெளுத்ததும் மேட் அடித்து, ஆக்கர் கலந்த எண்ணெய்ப் புள்ளிகளால் தகட்டின் நடுவை மட்டும் வெளிறச் செய்தால், மூலையில் மிஞ்சும் கறுப்பு அதன் இடத்தில் இருப்பதாகவே தோன்றும். எட்டில் நான் சொன்ன கிழட்டு வேகன் இதுவாகவே இருக்கட்டும். மற்றது துடைத்தும் வராவிட்டால் பெயிண்ட்டை முழுக்க எடுக்க வேண்டும்: 99 சதவீத ஆல்கஹாலில் மூழ்கவைத்து, பழைய பல்பிரஷால் தேய்க்க வேண்டும். ஆனால் ரெசின் அச்சை நெடுநேரம் ஊறவிட்டால் உப்பி, பிறகு வெடிக்கும். பத்து நிமிடம் ஊறல், எடுத்துத் தேய்த்தல், உலர்த்தல் என்று தவணையாகச் செய்யுங்கள். அச்செடுத்தபோது கழித்த தாங்குதுண்டு ஏதாவது இருந்தால் முதலில் அதை ஊறவைத்துப் பாருங்கள். ரெசினுக்கு ரெசின் தாங்கும் நேரம் மாறும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு எரியாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும்.